மாத்திரை அட்டையைப் பிரிக்காதீர்கள், அம்மா

மும்பை செம்பூரிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் கையால் நான்கு பக்கம் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் மகளுக்குத் தலைப் பிரசவம். இன்னும் ஏழு வாரத்தில் இவரும் கணவரும் கிளம்புகிறார்கள். ஆறு மாதம் தங்குவதாகத் திட்டம். போகிற வழியில் துபாயில் தங்கை மகன் வீட்டில் மூன்று இரவு. கணவருக்கு 67 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் இன்சுலினைக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வாசகிக்கு முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தம். தினமும் ப்ரீகாபலின், வலி பொறுக்க முடியாத நாளில் ட்ரமடால், தூக்கத்துக்குக் குளோனாஸெபாம்.

அவர் எழுதுகிறார்: “அங்கே மருந்தெல்லாம் யானை விலை, குதிரை விலை என்கிறார்கள். அதனால் ஆறு மாத மாத்திரையையும் இங்கேயே வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து டப்பாக்களில் போட்டு, பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் சர்க்கரை, ஸ்டென்ட் இரண்டையும் எழுதினால் பிரீமியம் எகிறிவிடும், எழுத வேண்டாம் என்கிறார் இவர். அவசரம் என்றால் அமெரிக்க ஆஸ்பத்திரியில் சட்டப்படி இலவசமாகப் பார்த்தாக வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். துபாயில் தங்கை மகன் இரண்டு பாட்டில் இருமல் சிரப் கேட்டிருக்கிறான். பிரசவ லேகியத்துக்கும் சாமான் வாங்கிவிட்டேன். பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் போய்விட்டு வர வேண்டும் டாக்டர், அவ்வளவுதான் என் ஆசை.”

அன்புள்ள அம்மா,

பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறீர்கள். மிகவும் சந்தோஷம். மாட்டுங்காவில் என் கிளினிக்குக்கு வரும் பெற்றோர்கள் பலரும், பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க வெளிநாடு கிளம்பும்போது உங்கள் கடைசி வரியைத்தான் சொல்கிறார்கள்: தொந்தரவு தரக் கூடாது. அந்த நல்ல மனதிலிருந்துதான் மறைப்பதெல்லாம் ஆரம்பிக்கிறது. மாத்திரையைத் துணிக்குள் மறைப்பது, வியாதியை ஃபாரத்தில் மறைப்பது, அப்புறம் அங்கே போய் நெஞ்சு வலித்தால் அதையும் மகளிடம் மறைப்பது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது அதனால்தான். உங்கள் இருவரின் மருந்துகளில் பெரும்பாலானவற்றை வெளிப்படையாகவே கொண்டுபோக முடியும். மறைத்து வைத்தால்தான் அவை குற்றம்போலத் தெரியும்.

துபாயில் மூன்று இரவு

முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் டிக்கெட்டை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் சாப்பிடும் ட்ரமடால், ப்ரீகாபலின், குளோனாஸெபாம் மூன்றுமே ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் ஊர் எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தது, கெமிஸ்ட் பில் போட்டது என்பதெல்லாம் அந்த ஊர் சுங்கத்தில் தானாகச் செல்லாது. பயணத்துக்கு முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் மருந்துச் சீட்டு, மருத்துவர் கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஏற்றி அனுமதி வாங்க வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்றால் 30 நாளுக்கு உள்ளதுதான் அனுமதி. உங்கள் பெட்டியிலோ ஆறு மாத மாத்திரை, அதுவும் பெயர் இல்லாத டப்பாவில். அதைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு நீங்கள் முதுகு வலியோடு பெண்ணைப் பார்க்கப் போகும் அம்மா என்று எப்படித் தெரியும்?

இருமல் சிரப்பைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இங்கே விற்கும் சில இருமல் சிரப்புகளில் கோடீன் இருக்கிறது. அது அபின் வகை மருந்து. தங்கை மகனுக்கு வெறும் இருமல்தான் இருக்கும். ஆனாலும் அடுத்தவருக்காக மருந்து சுமந்து போகும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். 2017-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண், துணைவரின் முதுகு வலிக்கு என்று 290 ட்ரமடால் மாத்திரைகளை எகிப்துக்குக் கொண்டுபோனார். தடை செய்யப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்றார். 3 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பையனிடம் ‘அங்கேயே டாக்டரைப் பாருடா’ என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கு மூன்று வழி. துபாயை விட்டுவிட்டு நேரடி விமானத்தில் போவது ஒன்று. முன் அனுமதி வாங்கி, 30 நாள் மருந்தோடு மட்டும் துபாய் வழியாகப் போவது இரண்டு. உங்கள் மருத்துவரிடம் பேசி மருந்தையே மாற்றுவது மூன்று. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இரண்டாவதில், அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒரே மாதத்தில் உங்கள் மருந்து தீர்ந்துவிடும். மூன்றாவதில் ட்ரமடாலை மட்டும் வேண்டுமானால் குறைத்துப் பார்க்கலாம். எப்போதாவது வலிக்கும் நாளில் சாப்பிடுவதுதானே, பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் போதுமா என்று இந்த ஏழு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் ப்ரீகாபலினையும் குளோனாஸெபாமையும் பயணத்துக்குப் பயந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் படிப்படியான கணக்கில்தான் குறைக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் துபாயில் விமானம் மட்டும் மாறுவதானாலும் அந்த ஊர்ச் சட்டம் பொருந்தும், அதையும் நினைவில் வையுங்கள்.

லேகியத்துக்கு வாங்கிய சாமானில் கசகசா இருக்கிறதா? அமீரகம், சவூதி, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் அதையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். நம் சமையலறையில் குருமாவுக்குப் போடுவது, அந்த ஊர்களில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

ஆறு மாத மருந்து, மூன்று மாத அனுமதி

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சொந்த உபயோகத்துக்கு என்று பொதுவாக 90 நாள் மருந்தைத்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் தங்கும் வெளிநாட்டவர், கட்டுப்படுத்தப்படாத மீதி மருந்தைப் பின்னால் கூரியரில் வரவழைத்துக்கொள்ளலாம். அதோடு மருத்துவர் கடிதம், ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு, பாஸ்போர்ட், விசா நகல்கள் இருக்க வேண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு உள்ளதை இப்போது எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மாத்திரையும் அதன் அட்டையிலேயே, கெமிஸ்ட் பில்லோடு இருக்கட்டும். அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதிதான் உங்களுக்குச் சாட்சி. இடம் அடைக்கும் என்றால் மேலே இருக்கும் காகித டப்பாவை மட்டும் தூக்கிப் போடுங்கள். இறங்கும் இடத்தில் மருந்து இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லிச் சீட்டைக் காட்டுங்கள். அவருடைய மருந்து அவர் பெயரில், உங்களுடையது உங்கள் பெயரில். ஒருவர் பையில் இருப்பதை மற்றவர் பெயருக்கு மாற்றிச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். கணவர் சர்க்கரைக்குச் சாப்பிடும் வில்டாகிளிப்டின் அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து. வயிற்று அமிலத்துக்கான பான்டோப்ரசோலோடு சேர்ந்து வரும் டோம்பெரிடோனுக்கும் அங்கே அனுமதி இல்லை. இரண்டும் தீர்ந்தால் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. அவருடைய மருத்துவர் சம்மதித்தால், வில்டாகிளிப்டினுக்குப் பதில் சிடாகிளிப்டின், வெறும் பான்டோப்ரசோல் என்று இப்போதே மாற்றி, கிளம்பும் முன் ஒரு மாதமாவது இங்கே சாப்பிட்டுப் பார்க்கட்டும். ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அங்கேயும் உண்டு, தனித்தனி மாத்திரையாக. ஸ்டென்ட் வைத்தவர் இந்த இரண்டில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. அதனால் 5 நாளுக்கு உள்ளது எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டி தொலைந்துபோவது புதிதல்ல.

இன்னொன்று. இந்திய மருத்துவரின் சீட்டைக் கொண்டு அமெரிக்க மருந்துக் கடையில் மருந்து வாங்க முடியாது. ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் நம் பழக்கமும் அங்கே நடக்காது. மகள் பெயரில் எழுதிய மருந்தை நீங்கள் சாப்பிடுவதும் தவறு. ஆகவே போன இரண்டாவது மாதத்திலேயே அங்கே ஒரு மருத்துவரிடம் ஒருமுறை கட்டணம் கட்டிக் காட்டிவிடுவது நல்லது. மருந்து தீரும் நாளில் ஓடுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

இன்சுலின்: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அம்மா, இந்தப் பகுதியைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. அமெரிக்காவில் குப்பியில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. இவர் இங்கிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுகளைக் கொண்டுபோய், இன்சுலின் தீர்ந்ததும் அங்கே ஒரு குப்பி வாங்கி, வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருவது அரை மில்லி. அந்த அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்ப அது தாராளமாகப் போதும், ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அது இன்னும் ஆபத்து. தலைகீழாக, நம் குப்பியை அவர்களுடைய ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணமே புரியாது.

சயானிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மகன் வீட்டுக்குப் போனபோது இந்தத் தப்பைச் செய்யப் போனார். மருமகள் சிரிஞ்சில் இருந்த எழுத்தைப் படித்துத் தடுத்தாள். படித்தவர், 20 வருடம் ஊசி போட்டுக்கொண்டவர். பழகிய கை கோட்டைத்தான் பார்க்கும், மில்லியைப் பார்க்காது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் பெயர். இவர் போடுவது, வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் சேர்ந்த கலவை. அதை இங்கே 30/70 என்கிறோம். அங்கே அதே கலவைக்கு 70/30 என்று பெயர். மருந்து ஒன்றேதான், எண்ணைத் திருப்பிச் சொல்கிறார்கள். பார்த்துப் பயந்து கலவையை மாற்றிவிட வேண்டாம்.

என் யோசனை, இந்த வாரமே சர்க்கரை மருத்துவரைப் பார்த்து, அளவைத் திருகி வைத்து ஊசி போடும் இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுங்கள். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் இந்தியாவிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட்தான். பேனாவில் 20 என்று திருகினால் இங்கேயும் 20, அங்கேயும் 20. கிளம்பும் முன் கை நன்றாகப் பழகிவிடும். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் இந்த இடத்தில் கணக்குப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே அவசரமாகத் தீர்ந்துபோனால், இந்தப் பழைய வகைக் கலவை இன்சுலினைப் பெரும்பாலான மாநிலங்களில் சீட்டு இல்லாமலே கடையில் கேட்டு வாங்கலாம். அந்தக் குப்பிக்கு அந்தக் கடையிலேயே ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் வாங்க வேண்டும்.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சாமான் அறையில் உறைந்துபோனால் அது வீண். ஐஸ் கட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குக் கிடையாது, சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். நியூ ஜெர்ஸி நேரம் நம்மைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி பின்னால் ஓடுகிறது. அதனால் போகும் நாள் நீண்டுவிடும். அன்று எத்தனை ஊசி, எப்போது என்று மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊசி. சாப்பாடு வரப்போகிறது என்ற அறிவிப்பை நம்பி முன்பே போட்டுக்கொண்டு, சாப்பாட்டு வண்டி நடுவழியில் நின்றுபோய்த் தவித்தவர்கள் உண்டு.

காப்பீடு, எதிர்வீட்டுக்காரர் சொன்ன சட்டம்

எதிர்வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. 1986-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வருகிறவர் பணம் தர முடியுமா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தான நிலையைத் தணிக்க வேண்டும் என்கிறது. அது உங்கள் உரிமை. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணல், கை கால் மரத்துப்போதல் என்றால் அங்குள்ள அவசர எண் 911-ஐ அழைக்க ஒரு நிமிடம்கூடத் தயங்காதீர்கள். ஆனால் இலவசம் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பில் பின்னால் வீட்டுக்கு வரும், அது பெரிய தொகையாக இருக்கும்.

அதனால்தான் காப்பீட்டு ஃபாரத்தில் சர்க்கரையையும் ஸ்டென்ட்டையும் எழுதச் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் வியாதியை மறைத்தால், க்ளெய்ம் வரும்போது ஆஸ்பத்திரி ஏடுகளைக் கேட்பார்கள். அதில் முதல் பக்கத்திலேயே 18 வருடச் சர்க்கரை இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக முழு க்ளெய்மையும் மறுக்கலாம், அதுவரை கட்டிய பிரீமியமும் வீண். உங்கள் கணவர் மிச்சம் பிடிக்க நினைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்காக, மகள் தலையில் லட்சக்கணக்கில் கடன் ஏற வழி செய்கிறார். இதை அவரிடம் கோபப்படாமல், இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

உண்மையை எழுதினால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பல பயணக் காப்பீடுகள் பழைய வியாதியை முழுக்க விலக்கிவிடும். சில, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், ஒரு வரம்பு வரை தரும். மொத்தத் தொகை பெரிதாக அச்சடித்திருக்கும், உள்ளே ஒரு நாள் அறைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் வரம்பு இருக்கும். ‘ஸ்டென்ட் வைத்த 67 வயதுக்காரருக்கு மாரடைப்பு வந்தால் எவ்வளவு தருவீர்கள்?’ என்று ஏஜெண்டிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் சொன்னது பின்னால் கைகொடுக்காது.

சாதாரணக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கால் சுளுக்கு போன்றவற்றுக்கு அவசரப் பிரிவு வேண்டாம். அர்ஜென்ட் கேர் என்ற சின்ன மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன, செலவு பெரிதும் குறையும். போகும் முன் ‘கையிலிருந்து கட்டினால் எவ்வளவு?’ என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. முன்பே நாள் குறித்துப் போகும் சிகிச்சைக்கு, காப்பீடு இல்லாதவருக்கு உத்தேசச் செலவை எழுதித் தர வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் அங்கே சட்டமே இருக்கிறது. பெரிய பில் வந்துவிட்டாலும் உடனே கட்டிவிடாமல், வரி வரியாகப் பிரித்துக் கேளுங்கள். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதி உதவித் திட்டம் உண்டா என்றும் விசாரிக்கலாம்.

கடையில் வாங்கும் சளி மாத்திரையிலும் கவனம் வேண்டும். நம் பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். பல சளி மருந்துகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டும் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகும். மூக்கடைப்பு மருந்தில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும், கணவருக்கு வேண்டாம்.

லேகியமும் ஒரு தடுப்பூசியும்

சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் போட்டு வீட்டில் கிளறும் லேகியத்தைச் செக்-இன் பெட்டியில் வைத்து, உணவுப் பொருள் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். பொடிகளும் பெட்டியில்தான் போக வேண்டும். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் சிக்கல். ஆனால் கடையில் வாங்கிய பஸ்பம், செந்தூரம் சேர்ந்த எதையும் பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். 2011, 2012-இல் நியூயார்க் நகரில் கர்ப்பிணிகள் 6 பேருக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எந்த லேகியமானாலும் மகளின் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பிறந்த குழந்தையைத் தூக்கப் போகும் தாத்தா பாட்டி, கக்குவான் இருமல் தடுப்பூசியும் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்று அங்கே குழந்தை மருத்துவர்கள் கேட்பார்கள். குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டால்தான் பலன். இரண்டும் மும்பையிலேயே கிடைக்கும்.

கடைசியாக ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். இருவருக்கும் தனித்தனியாக வியாதிகள், மருந்தின் உண்மைப் பெயர், அளவு, ஸ்டென்ட் வைத்த தேதி, ஒவ்வாமை, இங்கே உள்ள மருத்துவரின் தொலைபேசி எண். கம்பெனி வைத்த பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலை இன்றே மகளுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இது தொந்தரவே இல்லை அம்மா. ஆம்புலன்ஸில் வந்தவர் ‘அப்பா என்ன மருந்து சாப்பிடுகிறார்?’ என்று கேட்கும்போது பதில் தெரியாமல் நிற்பதுதான் அவளுக்குக் கஷ்டம்.

பேனாவுக்கு மாறிய பின், வீட்டில் மிச்சம் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சுகளையும் பழைய குப்பிகளையும் கணவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கிளம்பும் முந்தைய இரவு பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று அவர் இரண்டையாவது உள்ளே சொருகியிருப்பார்.